சீனித் தண்ணீரைக் குடியுங்கள், அந்தக் காலையின் கூலியையும் கேளுங்கள்

"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்! எதுக்கு அந்தச் சீனித் தண்ணியக் குடிக்கணும்?"

மாசமாக இருக்கும் தங்கைகள் டிஸ்பென்சரி வாசலில் நின்று என்னிடம் கேட்கும் கேள்வி இது. கிளினிக்கில் மிஸ்ஸி பிங்க் புத்தகத்தில் ஒரு தேதி எழுதிக் கொடுத்திருப்பார். அன்று காலையில் பசியாறாமல் வரவேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியும் இருப்பார். வீட்டுக்கு வந்தால் மாமியார், "வயித்துப் பிள்ளைக்காரியப் பட்டினி போடுறதாவது?" என்பார். பக்கத்து வீட்டு அக்கா, "அதைக் குடிச்சு நான் வாந்தி எடுத்ததுதான் மிச்சம்" என்பார். வீட்டுக்காரரோ, "போகட்டும், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று முடித்துவிடுவார். தேதி போய்விடும்.

சகோதரிகளே, அந்தத் தேதியை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்த மாதம் இப்பகுதியை எழுதுகிறேன். 'இது பொம்பளைங்க சமாச்சாரம்' என்று சகோதரர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் பாதி உங்களுக்கும் சங்கத்துக்கும் எழுதியது.

இனிப்பு நீர் நமக்குப் புதிய வியாதி அல்ல. லயத்தில் ஒரு வரிசை வீடுகளை எண்ணிப் பாருங்கள். கால் புண் ஆறாமல் ஒருவர், கண் மங்கிப்போய் ஒருவர், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர் ஒருவர் என்று இருப்பார்கள். 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இந்த வியாதி இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எண்ணியபோது அது 31.4 ஆக இருந்தது. அதாவது மூன்றில் ஒருவர் என்று சொல்லும்படியான நிலை. இது நம் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. உடம்பு வாகும் உண்டு, உண்ணும் உணவும் உண்டு, வாழ்கிற வாழ்வும் உண்டு. ஆனால் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மாசமானபோது வரும் இனிப்பு நீர் கொஞ்சம் வேறு மாதிரி. அதுவரை ஒரு கோளாறும் இல்லாத பெண்ணுக்கும் அது வரும். எப்படி என்று கேட்பீர்கள். செம்பனைத் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு லாரியை வைத்தே சொல்லிவிடலாம். நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் சீனியாகி ரத்தத்தில் சேர்கிறது. வெட்டிய குலைகள் ரோட்டோரம் வந்து சேர்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்கும் லாரிதான் இன்சுலின். கணையம் என்ற உறுப்பு அதைச் சுரக்கிறது. பிள்ளை வளர வளர, அதற்குச் சத்துக் கொடுக்கும் நஞ்சு சில சுரப்பு நீர்களை விடுகிறது. அவை தாயின் உடம்பில் இன்சுலினை மந்தமாக்கும். பிள்ளைக்குச் சீனி தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று இயற்கை செய்த ஏற்பாடு அது. ஆறாம் மாதத்துக்கு மேல் இது உச்சத்துக்குப் போகும். ஒரு லாரி போதாத இடத்தில் இரண்டு மூன்று லாரிகளை அனுப்பிச் சமாளிக்கிற உடம்புக்குத் தொல்லை இல்லை. அனுப்ப முடியாத உடம்பில் குலைகள் ரோட்டோரமே தேங்கிவிடும். அதாவது ரத்தத்தில் சீனி ஏறிவிடும்.

ஏறினால் தாய்க்கு என்ன தெரியும்? பெரும்பாலும் ஒன்றும் தெரியாது! இதைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். தாகம், அடிக்கடி சிறுநீர், அசதி எல்லாம் மாசமான எவருக்கும் உள்ளவைதாம். அதனால் 'நல்லாத்தானே இருக்கேன்' என்பது இந்த வியாதி இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

தாயின் ரத்தத்தில் உள்ள சீனி கொடி வழியே பிள்ளைக்குப் போய்விடும். தாயின் இன்சுலின் போகாது. பிள்ளையின் சின்னக் கணையம் அந்தச் சீனியைச் சமாளிக்கத் தானே அதிகமாகச் சுரக்க ஆரம்பிக்கும். உபரிச் சீனி கொழுப்பாகிப் பிள்ளை பெருக்கும். 'கொழுகொழுன்னு நாலேகால் கிலோ' என்று லயமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்தப் பிள்ளை பிறக்கும்போது தலை வந்தபின் தோள் சிக்கிக்கொண்டால் அந்தச் சில நிமிடங்கள் எப்படி இருக்கும் என்று பிரசவம் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கை நரம்பு பாதிக்கப்பட்ட பிள்ளைகள் உண்டு. கொடியை அறுத்தவுடன் தாயிடமிருந்து வந்த சீனி நின்றுவிடுகிறது. ஆனால் பிள்ளையின் இன்சுலின் நிற்பதில்லை. அதனால் பிறந்த சில மணி நேரத்தில் பிள்ளைக்குச் சீனி குறைந்து வலிப்புக்கூட வரலாம். மஞ்சள் காமாலையும் மூச்சுத் திணறலும் இத்தகைய பிள்ளைகளுக்கு அதிகம். தாய்க்கு ரத்தக் கொதிப்பு ஏறுவதும், ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுக்க நேர்வதும் அதிகம். கட்டுப்படுத்தாமலே விட்டால் கடைசி வாரங்களில் வயிற்றிலேயே பிள்ளை இறந்துபோகும் அபாயமும் உண்டு. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. முன்கூட்டியே கண்டுபிடித்தால் இவற்றில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

அதற்கு ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆயிரம் கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கிப் பார்த்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். உணவு முறை சொல்லிக்கொடுத்து, சீனியை அளந்து, தேவைப்பட்டவர்களுக்கு இன்சுலினும் கொடுத்த பிரிவில், பிள்ளைகளுக்கு வந்த கடுமையான பாதிப்பு நூற்றுக்கு 1. வழக்கமான கவனிப்போடு விட்ட பிரிவில் நூற்றுக்கு 4. வித்தியாசத்தைப் பார்த்தீர்களா?

சரி, யாருக்கு இது வரும்? 2017இல் நம் சுகாதார அமைச்சு டாக்டர்களுக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் யாரைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். உடல் எடை உயரத்துக்கு மிஞ்சியவர்கள் முதலில் வருகிறார்கள். ஐந்தடி உயரப் பெண் 62, 63 கிலோவைத் தாண்டினாலே அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார். தாய், தகப்பன், கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது இனிப்பு நீர் உள்ளவர்கள், முந்திய பிரசவத்தில் இது வந்தவர்கள், நாலு கிலோவுக்கு மேல் பிள்ளை பெற்றவர்கள் உண்டு. காரணம் தெரியாமல் வயிற்றிலேயே பிள்ளை தவறியவர்கள், ஊனத்தோடு பிள்ளை பிறந்தவர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், பனிக்குடத் தண்ணீர் அதிகம் உள்ளவர்கள், சிறுநீரில் இரண்டு முறை சீனி கண்டவர்கள் ஆகியோரும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். இவர்களில் யாராக இருந்தாலும் புத்தகம் போடும் அன்றே சோதனைக்குத் தேதி வாங்க வேண்டும். அப்போது சீனி சரியாக இருந்தாலும் 24ஆம் வாரத்துக்கும் 28ஆம் வாரத்துக்கும் இடையில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். மேலே சொன்ன எதுவுமே இல்லாவிட்டாலும் 25 வயதாகிவிட்டால் அந்த 24-28 வாரச் சோதனை உண்டு.

இந்த வரிசையைப் படித்துவிட்டு உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தாய் தகப்பன், அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஒருவருக்கும் இனிப்பு நீர் இல்லாத தமிழ்க் குடும்பம் நம் வட்டாரத்தில் எத்தனை? வால்டோரிலும் ஜாவியிலும் நிபோங் தெபாலிலும் சுற்றிச் சுற்றித் தேடினாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பது என் எண்ணம். ஆகவே நம்மைப் பொறுத்தவரை வரிசை பார்த்து நேரத்தைப் போக்க வேண்டியதில்லை. மாசமான ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணும் இந்தச் சோதனைக்கு உரியவர்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லியாக இருப்பவருக்கு வராது என்ற நம்பிக்கையும் வேண்டாம். நம்மவர்களுக்கு ஆள் மெலிவாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும்.

'மாசா மாசம் மூத்திரம் பார்க்கிறீங்களே, டிரசர் ஐயா, அது போதாதா?' என்று கேட்பவர்களும் உண்டு. போதாது. பழைய டிரசர்மார் காலத்தில் பெனடிக்ட் மருந்தில் சிறுநீரை ஊற்றிக் காய்ச்சி, நீலம் பச்சையானதா, செங்கல் நிறமானதா என்று பார்த்துச் சொல்வார்கள். இப்போது ஒரு பட்டையை முக்கிப் பார்க்கிறோம். எதுவானாலும் சரி, மாசமான பெண்ணின் சிறுநீரகம் வேறு கணக்கில் வேலை செய்கிறது. வியாதி இல்லாதவருக்கும் சிறுநீரில் சீனி தெரியும். வியாதி உள்ளவருக்குத் தெரியாமலும் போகும். என்னிடம் உள்ள விரல் குத்திப் பார்க்கும் கருவியும் இந்தச் சோதனைக்கு ஈடாகாது. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் பார்த்தால்தான் கணக்கு.

அந்தச் சோதனை எப்படி என்று சொல்லிவிடுகிறேன், பாதிப் பயம் அதிலேயே போய்விடும். முன்னிரவு சாப்பாட்டுக்குப் பின் எட்டுப் பத்து மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். மைலோ, தே, வெற்றிலை பாக்கு எதுவும் கூடாது. அதற்கு முந்திய மூன்று நாளும் வழக்கம் போலச் சாப்பிடுங்கள். 'சோதனையில் நல்ல பேர் வாங்கணும்' என்று சோற்றைக் குறைப்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடப் பரீட்சையில் காப்பியடிப்பது போலத்தான் அது! காலையில் ஒரு தரம் ரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருங்கள். கடைக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பாதீர்கள். மறுபடி ரத்தம் எடுத்ததும் முடிந்தது. கையோடு ஒரு டப்பாவில் பசியாறக் கொண்டுபோங்கள். வாந்தி எடுத்துவிட்டால் மறைக்காமல் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள், இன்னொரு நாள் வைத்துப் பார்ப்பார்கள். ஒருமுறை குடிக்கும் அந்தச் சீனியால் பிள்ளைக்குக் கெடுதல் வராது. பசார் மாலாமில் வாங்கிக் குடிக்கும் கலர் தண்ணீரைவிட அது ஒன்றும் பெரிதல்ல.

வெறும் வயிற்று அளவு 5.1 அல்லது அதற்கு மேல், அல்லது இரண்டு மணி நேர அளவு 7.8 அல்லது அதற்கு மேல் என்று வந்தால், இரண்டில் ஒன்று தாண்டினாலே, இனிப்பு நீர் என்று எழுதுவார்கள். 'அஞ்சு புள்ளி ரெண்டுதானே, எங்கப்பாவுக்குப் பன்னெண்டு இருக்கு' என்று ஒப்பிடாதீர்கள். 2008இல் ஒன்பது நாடுகளில் 23,000க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. பக்கத்தில் உள்ள சிங்கப்பூரும் பாங்காக்கும் அதில் சேர்த்தி. தாயின் சீனி கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஏறப் பிள்ளைக்கு வரும் தொல்லையும் கூடவே ஏறுகிறது என்று அதில் தெரிந்தது. மாசமான பெண்ணுக்கு அளவுகோல் வேறு.

இனி, சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் உரிய விஷயத்துக்கு வருகிறேன். அதற்குத் தமிழ்நாட்டில் நடந்த ஒன்றைச் சொன்னால் எளிதில் விளங்கும். நம் பாட்டன் பாட்டி கப்பலேறி வந்த நாடு அது, உடம்பு வாகும் அதேதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் இனிப்பு நீருக்கென்று தனித் துறையைத் தொடங்கிய டாக்டர் வி. சேஷய்யாவும் அவரோடு சேர்ந்தவர்களும் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளைச் சோதித்தார்கள். நகரத்தில் நூற்றுக்கு 17.8 பேர், சிற்றூர்களில் 13.8 பேர், கிராமத்தில் 9.9 பேருக்கு இது இருந்தது என்று 2008இல் எழுதினார்கள். வயலில் குனிந்து நிமிர்கிற பெண்களிலேயே பத்தில் ஒருவர்! அவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். கூலிக்காரப் பெண் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வருவதே பெரும்பாடு. 'நாளைக்கு வெறும் வயிற்றோடு திரும்பி வா' என்றால் பலர் வருவதே இல்லை. ஆகவே, சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, வந்த அன்றே குளுக்கோஸைக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்ப்பது என்று ஒரு முறையை வகுத்தார்கள். 2007இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை என்று உத்தரவு போட்டது. பின்னர் இந்திய அரசும் இந்த முறையையே நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. டாக்டருக்கு 2022இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

அந்த ஒற்றை ஊசி முறையில் சிலர் தப்பிவிடுகிறார்கள் என்று குறை சொல்லும் டாக்டர்களும் உண்டு. அவர்களுக்குள் நடக்கும் வாதத்தில் தோட்டத்து எச்.ஏ. தலையிடுவது அழகல்ல. இங்கே நம் அமைச்சு சொல்வது வெறும் வயிற்று முறை, அதையே நாம் செய்வோம். ஆனால் அந்தச் சென்னை டாக்டர்கள் யோசித்த விதத்தைப் பாருங்கள். வராத பெண்ணைத் திட்டவில்லை. அவள் ஏன் வரவில்லை என்று கேட்டு, சோதனையை அவள் பிழைப்புக்கு ஏற்ப மாற்றினார்கள். நம் தோட்டங்களில் அந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள்?

கிளினிக்கில் சோதனைக்குப் பெரிதாகச் செலவில்லை. செலவு வேறு இடத்தில் இருக்கிறது. காலை ஏழரைக்குக் கிளினிக்கில் உட்கார்ந்து, ரத்தம் கொடுத்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, மறுபடி கொடுத்து, பஸ்ஸைப் பிடித்து லயம் திரும்பினால் மணி பன்னிரண்டு. அன்றைய பெரட்டு போய்விட்டது. பல நேரங்களில் கிளினிக்குகளில் எம்.சி. கிடைப்பதில்லை, 'இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை இங்கிருந்தார்' என்ற டைம் சிலிப்தான் கிடைக்கும். அந்தச் சிலிப்பைக் காட்டினால் திட்டு இருக்காது, கூலியும் இருக்காது. மாதம் 1,700 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. உதிரிப் பழம் பொறுக்கும் பெண் இரண்டு முறை சோதனைக்குப் போனால் 130 வெள்ளி போய்விடும். பிள்ளைக்கு இரண்டு மூன்று பை நாப்பி வாங்கும் காசு அது. 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று வீட்டுக்காரர் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்குத்தான் இருக்கிறது. அதை அசட்டை என்று சொல்லிவிட என் மனம் ஒப்பவில்லை.

வேலைச் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. நல்ல காரியம். ஆனால் பிரசவத்துக்கு முந்திய பரிசோதனைகளுக்கென்று தனியாகக் கூலியோடு விடுப்பு அதில் இல்லை. ஆகவே சங்கம்தான் இதைப் பேசவேண்டும். நான் கேட்பது மிகச் சிறியது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் இரண்டு காலைகள், பிங்க் புத்தகத்தில் தேதி எழுதியிருந்தால் டைம் சிலிப்பை ஏற்றுக்கொண்டு முழுக் கூலி. அதோடு அந்தக் காலையில் கிளினிக் வரைக்கும் தோட்டத்து வேன். ஒரு தோட்டத்தில் வருஷத்துக்கு எத்தனை பிரசவம் நடந்துவிடப்போகிறது? முன்பு நூறு குடும்பம் இருந்த இடத்தில் இன்று பத்துப் பதினைந்துதான் மிச்சம். பத்து காசு ஆணிக்குக் கணக்குப் பார்க்கும் நிர்வாகத்துக்குக்கூட இது கனக்காது. கிளைத் தலைவர்கள் அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, தங்கள் மானேஜரிடம் இப்போதே கேட்டுப் பார்க்கலாம். மாசமான பெண்ணை மருந்தடி வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள். அதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.

சோதனையில் இனிப்பு நீர் என்று வந்துவிட்டால்? அழவேண்டியதில்லை. பெரும்பாலோருக்குச் சாப்பாட்டிலேயே அடங்கிவிடும். சுகாதார அமைச்சு ஒரு தட்டைப் படம் போட்டுக் காட்டுகிறது பார்த்திருப்பீர்கள்: தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, கோழி. நம் வீட்டுத் தட்டு நேர்மாறு. முக்கால் தட்டுச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிக் கீரை. அதைத் திருப்பிப் போடுங்கள். பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டு, நடுவில் கொஞ்சம் கடலையோ, ஒரு அவித்த முட்டையோ எடுத்துக்கொள்ளலாம். 'ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்' என்று மாமியார் வற்புறுத்தினால், அந்த இரண்டாவது ஆள் இன்னும் ஒரு கிலோகூட இல்லை, அம்மா, என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

சோற்றைவிட எனக்குப் பெரிய சண்டை டின் பாலோடுதான். டின்னில் பாதிக்குப் பாதி சீனி. காலையில் ஒரு தே, பத்து மணிக்கு ஒரு மைலோ, மாலையில் ரொட்டி சானாயோடு ஒரு தே தாரேக் என்றால் சோற்றில் குறைத்ததெல்லாம் கோப்பையில் ஏறிவிடும். தே ஓ கோசோங் குடித்துப் பழகுங்கள். முதல் வாரம் கசக்கும், பிறகு பழகிவிடும். கருப்பட்டியும் தேனும் சீனி இல்லை என்று யாரும் ஏமாற்ற இடம் கொடுக்காதீர்கள். டுரியான் பருவத்தில் ஒரு சுளையோடு எழுந்துவிடத் தெரிந்தவர்கள் சாப்பிடலாம், அப்படிப்பட்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பாகற்காய்ச் சாறு குடித்தால் போதும், கிளினிக் வேண்டாம் என்று சொல்கிற வைத்தியரிடம் போகாதீர்கள். பாகற்காயைக் கறி வைத்துச் சாப்பிடுங்கள், தடையில்லை. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் லயத்துக்கு முன்னால் நடந்தாலும் நல்லது. வீட்டுக்காரர் கூடவே நடக்கலாமே. தைப்பூச விரதம், புரட்டாசி விரதம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டபின் தீர்மானியுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வயிற்றைக் காயப்போடவே கூடாது.

வீட்டில் அளந்து பார்க்கச் சொன்னால், வெறும் வயிற்றில் 5.3க்குள்ளும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 6.7க்குள்ளும் இருக்க வேண்டும். சொன்னபடி சாப்பிட்டும் அடங்காவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ கொடுப்பார்கள், சிலரைச் செபராங் ஜெயா பெரியாஸ்பத்திரிக்கும் அனுப்புவார்கள். "ஊசி போட ஆரம்பிச்சா ஆயுசுக்கும் ஊசிதான்" என்ற பேச்சு லயத்தில் உண்டு. அது தவறு. நஞ்சு வெளியே வந்ததும் காரணம் போய்விடுவதால் பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு ஊசி நின்றுவிடும். இன்சுலின் பிள்ளைக்குப் போவதும் இல்லை. ஊசியை நீங்களாக நிறுத்தினால் மட்டும் ஆபத்து.

ஊசி நின்றுவிட்டது, சீனி இறங்கிவிட்டது என்றதும் நம் பெண்கள் காணாமற்போய்விடுகிறார்கள். எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். 1964இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓ'சல்லிவன் என்ற டாக்டரும் மாஹன் என்ற கணக்கு நிபுணரும் கர்ப்பிணிகளுக்கான சீனி அளவை முதன்முதலாக வகுத்தபோது, பிள்ளையைப் பற்றிக்கூட அவர்கள் பார்க்கவில்லை. எந்தத் தாய்க்குப் பின்னாளில் இனிப்பு நீர் வரும் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் அதை வகுத்தார்கள். 13 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்து 2020இல் பார்த்தபோது, மாசமானபோது இது வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தர இனிப்பு நீர் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு என்று கண்டார்கள். நாற்பது வயதில் கண்ணும் காலும் கெட்டு நம்மிடம் வரும் தாய்மார்களில் எத்தனை பேருக்கு இருபத்தெட்டு வயதில் இந்த மணி அடித்திருக்கும்! அதைக் கேட்டவர்கள், எடையைக் குறைத்து, நடந்து, தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுத்து, பல வருஷம் தள்ளிப்போடலாம். தாய்ப்பால் பிள்ளைக்கு மட்டுமல்ல, தாய்க்கும் இந்த வியாதியைத் தடுக்க உதவுகிறது.

பிரசவம் ஆன ஆறாம் வாரம் அதே சீனித் தண்ணீர்ச் சோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டும். சரியாக இருந்தாலும் அதற்குப் பின் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். அடுத்த பிள்ளைக்கு மாசமானால் புத்தகம் போடும் நாளிலேயே முந்திய கதையைச் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே நிரந்தரமாகிவிட்ட இனிப்பு நீர் தெரியாமலே மாசமானால், முதல் இரண்டு மாதத்தில் பிள்ளையின் இருதயமும் முதுகெலும்பும் உருவாகும் நேரத்திலேயே கெடுதல் நேர்ந்துவிடும்.

பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி வருவது என்பீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வாருங்கள், இரண்டு மணி நேரமும் மடியில் வைத்துப் பால் கொடுக்கலாம், சோதனைக்கு அது தடையில்லை. கூலி போகும் என்ற கவலை இந்தச் சோதனைக்கு வேண்டாம். ஆறாம் வாரம் என்பது 42ஆம் நாள், 98 நாள் விடுமுறையில் பாதிகூட ஆகியிருக்காது. கிளினிக்கில் தேதி கொடுக்க மறந்துவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் பிங்க் புத்தகத்தை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வாருங்கள், நான் சீட்டு எழுதித் தருகிறேன்.